‘இருபது ஆள்’ ஜீப்பின் முன் அச்சு

கோயம்புத்தூரில் பிறந்தவனுக்கு எஞ்சின் வேலை தானாகவே வந்துவிடும் என்று எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. நானும் அதை நம்பித்தான் வளர்ந்தேன். அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு, இலங்கையின் புத்தளம் கரையில் ஒரு நல்ல மனிதரின் பிழைப்பை இரண்டு முறை முடித்துவைக்கப் பார்த்தேன். முதல் முறை வண்டியை ஓட்டி. இரண்டாவது முறை யோசனை சொல்லி.

எனக்குத் தண்ணீர் பம்பு விற்கும் கம்பெனியில் வேலை. நுரைச்சோலைப் பக்கத்து வெங்காயத் தோட்டங்களில் எங்கள் பம்புகளை உப்பு தின்கிறது என்று புகார் வந்தது. போய்ப் பார்த்துவர வேறு யாரும் சம்மதிக்காததால் நான் தகுதியானவன் ஆனேன். தங்கியது கிறிஸ்டி அண்ணன் வீட்டில். அவர் கரைவலைச் சம்மாட்டி. வலைக்கும் படகுக்கும் சொந்தக்காரர், இழுக்கிற ஆட்களுக்குத் தலைவர்.

கரைவலை என்றால், படகு வலையைக் கடலில் அரைவட்டமாக விட்டுவிட்டு வரும். அதன் இரண்டு பக்கக் கயிறுகளையும் கரையில் நின்று சமமாக இழுக்க வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் வலை கோணிக்கொள்ளும், மீன் வெளியே போய்விடும். முன்பு இரண்டு பக்கமும் ஆட்கள் இழுத்தார்கள். இப்போது பாதிப் பேர் இத்தாலியில் இருக்கிறார்கள். எனவே ஒரு கயிறு மிச்சமிருக்கும் ஆட்களுக்கு, மறு கயிறு கிறிஸ்டி அண்ணனின் பழைய ஜப்பான் ஜீப்புக்கு. அந்த ஜீப்புக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ‘இருபது ஆள்’.

அந்தக் கரையில் நினைத்த நாளில் வலை போட முடியாது. சம்மாட்டிகளுக்கு முறை உண்டு. உங்கள் நாளில் சூரியன் எழும்புவதற்குள் நீங்கள் வலையோடு இறங்காவிட்டால், அடுத்த முறைக்காரர் இறங்கிவிடுவார். கிறிஸ்டி அண்ணனுக்கு அடுத்தவர் அவருடைய மைத்துனர் சில்வெஸ்டர். புது டிராக்டர் வைத்திருக்கிறார். ‘கிறிஸ்டிட முறை ஒண்டு தவறட்டும், எல்லாரும் என்ட கயித்துக்கு வாங்கோ’ என்று ஆட்களிடம் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தார். ஆட்கள் போய்விட்டால் சம்மாட்டிக்கு மிஞ்சுவது காயப்போட ஒரு வலை மட்டும்தான். இதையெல்லாம் எனக்கு வந்த அன்றே சொல்லிவிட்டார்கள். அப்படியிருந்தும் வியாழக்கிழமை நான் ஜீப்பைக் கேட்டேன்.

“மெதுவாப் போங்கோ தம்பி. இது வாகனம் இல்ல, இருவது ஆள்” என்று சாவியைத் தந்தார் கிறிஸ்டி அண்ணன்.

களப்பு என்று அவர்கள் சொல்லும் உப்பங்கழியின் ஓரத்தில் ஒரு தோட்டத்துக்குப் போக வேண்டும். வழியில் வெள்ளை வெளேரென்று உப்பு பூத்த வெட்டை. எங்கள் ஊரில் மூன்றாவது கியர் போடுவதற்குள் முன்னால் ஒரு டவுன் பஸ் வந்து நிற்கும். இங்கே கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு கழுதைகூட இல்லை. இருந்த ஒன்று ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது. வேகம் எடுத்தேன். மணலுக்கடியில் யாரோ எப்போதோ விட்டுப்போன சிமெந்துக் கிணற்று வளையம் ஒன்று எனக்காகக் காத்திருந்தது. பெரிய தேங்காயை உடைத்த மாதிரி ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தேன். முன் சக்கரங்களில் ஒன்று கற்பிட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது, மற்றது புத்தளத்தை.

கிறிஸ்டி அண்ணன் வந்தார். ஜீப்பைச் சுற்றி ஒரு நடை நடந்தார். திட்டினால் நன்றாக இருக்குமே என்று நான் தலையைக் குனிந்து தயாராக நின்றேன்.

“திங்கக்கிழம நம்மட முறை” என்றார். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலை தோட்டக்காரர் ஒருவரின் டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு குறிஞ்சிப்பிட்டியில் நியாஸ் பாஸின் கராஜுக்குப் போனோம். அங்கே மெக்கானிக்குகளை ‘பாஸ்’ என்று அழைக்கிறார்கள். நியாஸ் பாஸ் அந்தச் சொல்லுக்கு முழுத் தகுதியோடு நாற்காலியில் சாய்ந்தபடி, கைப்பேசியில் யாருக்கோ கட்டளையிட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் கொண்டுபோன பாண் ரொட்டியையும் தேங்காய்ச் சம்பலையும் முதலில் பரிசோதித்தார், பிறகு ஜீப்பை.

சக்கரத்தைக் கழற்றி மூடியைத் திறந்ததும் கறுத்த கிரீஸோடு இரும்புத் துண்டுகள் கொட்டின. உள்ளே சக்கரத்தைத் திருப்பும் மூட்டு நொறுங்கியிருந்தது. அச்சின் குழாயே வளைந்திருந்தது.

“ஆரு ஓட்டின?”

கிறிஸ்டி அண்ணன் வானத்தைப் பார்த்தார். நான் பூமியைப் பார்த்தேன்.

“நிமித்தித் தரலாம்” என்றார் நியாஸ் பாஸ். “நிமித்தினா ஞாயித்துக்கிழம சேர்ச்சுக்குப் போகும். திங்கக்கிழம மணல்ல மவுத்தாப் போயிடும். கொழும்பில வேற தேடலாம், ஆனா திங்கக்கிழமைக்கு வராது.”

“வேற வழி இல்லைங்களா?” என்றேன்.

“இரிக்கி. ஆனா இப்ப ஜும்மா.” கையைத் துடைத்துக்கொண்டு கதவை இழுத்துச் சாத்திவிட்டார்.

அப்போதுதான் எனக்குக் கணக்கு உறைத்தது. வெள்ளிக்கிழமை பாஸ் பள்ளிவாசலுக்குப் போவார். ஞாயிற்றுக்கிழமை சம்மாட்டி மாதா கோயிலுக்குப் போவார், அன்றைக்கு எந்த வேலையையும் தொட மாட்டார். எனக்கென்று கடவுள் விட்டுவைத்தது சனிக்கிழமை மட்டும்.

தொழுகை முடிந்து பாஸ் எங்களைத் தன் வீட்டுக்கே சாப்பிட அழைத்தார். சோறும் மீன் ஆணமும். எங்கள் ஊரில் குழம்பில் மீனைத் தேட வேண்டும். இங்கே மீனை விலக்கித்தான் குழம்பைத் தேட வேண்டியிருந்தது. வேறொரு நாளாக இருந்தால் மூன்று தட்டு சாப்பிட்டிருப்பேன். கிறிஸ்டி அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்ததால் இரண்டோடு நிறுத்திக்கொண்டேன்.

சாப்பாட்டின் நடுவில் பாஸ் சொன்னார்: “கரைத்தீவில ஒரு பெரிய ஜீப் கிடக்கு. ஓட்டமில்ல. அதுட முன் அச்சு இதவிட தடிப்பு. மூட்டெல்லாம் லொறிட மூட்டு மாதிரி. அதப் போட்டா நம்மட ஆயுசுக்கும் முறியாது. இது ரிப்பேர் இல்ல சம்மாட்டி, ப்ரமோஷன்!”

தரைவழியாகப் போனால் களப்பையே சுற்ற வேண்டும். கிறிஸ்டி அண்ணனின் தெரிந்தவர் ஒருவரின் படகில் குறுக்கே போனோம். கரைத்தீவில், தென்னை ஓலை வேலிக்குப் பின்னால் அந்த ஜீப் நின்றது. வீட்டுக்காரப் பெண்ணைப் பாஸ் ‘ராத்தா’ என்று அழைத்தார். அக்கா என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல். ராத்தா எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

“அச்சத் தாரன். ஆனா இப்ப ஏலாது. சாரதி அடை காக்குது.”

எட்டிப் பார்த்தோம். டிரைவர் சீட்டில் ஒரு சிவப்புக் கோழி முட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தது.

“குஞ்சு பொரிச்ச பொறகு வாங்க.”

“ராத்தா, திங்கக்கிழம இவருட முறை” என்று பாஸ் கெஞ்சினார்.

ராத்தா கிறிஸ்டி அண்ணனின் முகத்தைப் பார்த்தார். “சரி, கழட்டுங்க. ஆனா கோழி எழும்பினா அச்ச அங்கயே வெச்சிட்டுப் போவணும்.”

உலகத்தில் எந்த ஜீப்பையும் அவ்வளவு மரியாதையாக ஜாக்கி வைத்துத் தூக்கியிருக்க மாட்டார்கள். துருப்பிடித்த போல்ட்டுகளைச் சுத்தியலால் அடிக்காமல் எண்ணெய் விட்டு, துணி சுற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகினோம். ஒவ்வொரு ‘கிரீச்’சுக்கும் கோழி கழுத்தை நீட்டும். நாங்கள் மூவரும் உறைந்து போவோம். அது மறுபடி இறகை விரித்து உட்கார்ந்ததும் வேலை தொடரும். கடைசி போல்ட் கழன்று அச்சு என் காலில் இறங்கியபோது நான் கத்தவில்லை. என் வாழ்நாளில் நான் காட்டிய மிகப் பெரிய ஒழுக்கம் அதுதான்.

திரும்பும்போது காற்று எழும்பிவிட்டது. களப்பில் அலை வராது என்று எனக்கு யார் சொன்னார்களோ, அவர்கள் அந்தப் படகில் இல்லை. அச்சு படகின் குறுக்கே கிடந்தது. ஒவ்வொரு சாய்வுக்கும் உருளப் பார்த்தது.

“தம்பி, அத மடியில புடியுங்கோ! உருண்டா எல்லாரும் தண்ணிக்குள்ள!”

எனக்கு நீந்தத் தெரியாது. அச்சைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். நான் அதை விடாமல் பிடித்திருக்கிறேனா, இல்லை கவிழ்ந்தால் அது என்னை விடாமல் பிடித்துக்கொள்ளுமா என்று யோசித்தபடியே கரை சேர்ந்தேன். இறங்குதுறையில் நின்ற கடற்படைச் சிப்பாய் சிங்களத்தில் ஏதோ கேட்டார். கிறிஸ்டி அண்ணன் பதில் சொன்னார். சிப்பாய் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு எங்களைப் போகச் சொன்னார்.

“என்னங்க கேட்டாரு?”

“இது என்ன எண்டு கேட்டார். ஜீப்புட அச்சு எண்டன். மற்றது என்ன எண்டார். அச்சுக்கு முட்டு எண்டன்.”

சனிக்கிழமை காலை கராஜில் அச்சை ஜீப்புக்கடியில் தள்ளிப் பார்த்த நியாஸ் பாஸ் அப்படியே மல்லாந்து கிடந்தார். வெகுநேரம் வெளியே வரவில்லை.

சிக்கல் இதுதான். அச்சின் நடுவில் வயிறு போல் உருண்டு நிற்கும் பல்சக்கரப் பெட்டி, ‘இருபது ஆள்’ ஜீப்பில் வலது பக்கம் இருந்தது. எஞ்சினிலிருந்து வரும் தண்டும் வலது பக்கமே வருகிறது. புதிதாகக் கொண்டுவந்த அச்சில் அந்த உருண்டை இடது பக்கம். இரண்டும் சந்திக்கவே சந்திக்காது.

கிறிஸ்டி அண்ணன் தெருவைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து சில்வெஸ்டர் மோட்டார் சைக்கிளில் வந்து நிறுத்தினார்.

“என்ன மச்சான், அச்சுப் பிரசவம் இன்னும் முடியேல்லயா? என்ட வலைய ஏத்தி வைக்கவா?”

“உன்ட வலைய உன்ட வீட்டுக் கூரையில ஏத்து!”

அப்போதுதான் எனக்குள் இருந்த கோயம்புத்தூர் விழித்துக்கொண்டது. மேசையில் பாண் இருந்தது, அவர்கள் ‘பணிஸ்’ என்னும் மீன் பன் ஒன்றும் இருந்தது. பணிஸைப் பாணின் இடது பக்கத்தில் ஒட்டவைத்துப் பிடித்தேன். பாணைக் குப்புறக் கவிழ்த்தேன். பணிஸ் வலது பக்கம் வந்துவிட்டது.

“தலைகீழாத் திருப்பிப் போட்டா என்னங்க?”

மூன்று பேரும் பாணைப் பார்த்தார்கள். பாஸ் அதை வாங்கித் தானும் ஒருமுறை கவிழ்த்துப் பார்த்தார். பணிஸ் மறுபடியும் சரியான பக்கத்துக்குப் போனது. “எஞ்சினியர் தொர!” என்று என் முதுகில் அடித்தார், கிரீஸ் தடம் சட்டையில் இன்னும் இருக்கிறது. சில்வெஸ்டரின் முகம் சுருங்கிப் போனது. அந்த நிமிடம் நான் உயரமாகவே இருந்தேன்.

அதற்கு மேல் பாஸை நிறுத்த முடியவில்லை. ஸ்பிரிங் பட்டைகள் உட்காரும் இருக்கைகளை வெட்டி மறுபக்கம் வெல்டிங் வைத்தார். குழாயின் மேல் நீளத்துக்கும் ஒரு தடித்த இரும்புப் பட்டியை முதுகெலும்பு போல் ஒட்டினார். எண்ணெய் ஊற்றும் துளை இப்போது அடியில் போய்விட்டதால், மேலே வந்துவிட்ட வடிகால் துளை வழியாக ஊற்றினார். ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு பிஸ்மி சொன்னார். அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு கேட்கும்போது ஜீப் தன் காலில் நின்றது.

“முன் சக்கர பவர இப்ப போடாதீங்க. புது எண்ணெய் ஊறட்டும். மணல்ல போடுங்க, பறக்கும்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அதே ஜீப்பில், பின் சக்கர பலத்தில் மட்டும், தார் ரோட்டில் கோயிலுக்குப் போனோம். பூசை முடிந்து சுவாமியார் வந்து முன் அச்சில் தீர்த்தம் தெளித்தார். கிறிஸ்டி அண்ணனின் மனைவி பிலோ அக்கா, “நல்லாத் தெளியுங்கோ சுவாமி, செய்தது இந்தியா மூளை” என்றார். இரண்டு மார்க்கத்தின் பாதுகாப்பும் அந்த அச்சுக்குக் கிடைத்தது. கெடுத்தது மூன்றாவதாகச் சேர்ந்த என் மூளை.

திங்கட்கிழமை கிழக்கு வெளுப்பதற்கு முன்பே படகு இறங்கிவிட்டது. வலை நல்லபடியாக விழுந்தது. தூரத்தில் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கியின் விளக்குகள் மங்கிக்கொண்டிருந்தன. சில்வெஸ்டரின் படகு பக்கத்தில் வலை ஏற்றிக் காத்திருந்தது; அது அவருடைய உரிமை. தன் ப்ரமோஷனின் பெருமையைப் பார்க்க நியாஸ் பாஸும் வந்திருந்தார். ஆட்கள் வடக்குக் கயிற்றைப் பிடித்தார்கள். தெற்குக் கயிறு ஜீப்பின் பின் கொக்கியில்.

கிறிஸ்டி அண்ணன் முன் சக்கர பவரைப் போட்டுக் கிளச்சை விட்டார்.

ஜீப் நகரவில்லை. உறுமியது, நடுங்கியது. பின் சக்கரங்கள் மணலைப் பின்னால் வீசின. முன் சக்கரங்கள் மணலை முன்னால் வீசின. நான்கும் சேர்ந்து தமக்கே குழி தோண்டிக்கொண்டிருந்தன.

“மச்சான்!” என்று கூவினார் சில்வெஸ்டர். “உன்ட ஜீப்புக்குக் கலியாணம் முடிஞ்சிட்டு! முன்னுக்கு ஒண்டு சொல்லுது, பின்னுக்கு ஒண்டு சொல்லுது!”

எனக்குப் பாண் ஞாபகம் வந்தது. பாணைக் கவிழ்த்தால் பணிஸ் பக்கம் மாறும். ஆனால் உள்ளே பல்சக்கரமும் பக்கம் மாறும். பக்கம் மாறினால் சக்கரங்கள் எதிர்த்திசையில் சுற்றும். பாணுக்குச் சக்கரம் இல்லாததால் அது எனக்கு இதைச் சொல்லவில்லை. நான் பாஸைப் பார்த்தேன். பாஸ் என்னைப் பார்த்தார். இருவரும் ஒரே நேரத்தில் கடலைப் பார்த்தோம்.

வலை உள்ளே கிடந்தது. வடக்குக் கயிற்றை ஆட்கள் இழுத்துக்கொண்டிருந்தார்கள். தெற்குக் கயிறு தொய்ந்து, வலை மெல்லக் கோணத் தொடங்கியது. “பின் சக்கரத்த மட்டும் போடு!” என்று யாரோ கத்தினார்கள். போட்டார். பின் சக்கரங்கள் அச்சு வரை புதைந்தன. வடக்குக் கயிற்றில் இரண்டு பேர் கையைத் தளர்த்திவிட்டுச் சில்வெஸ்டரின் டிராக்டர் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். கிறிஸ்டி அண்ணன் அதைக் கவனித்தார். நானும் கவனித்தேன்.

தேநீர்க் கேத்தலோடு நின்ற பிலோ அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. “அது பின்னுக்குப் போக ஆசப்படுதெண்டா விடுங்களன்! ஏன் அதோட சண்ட?”

கிண்டலாகச் சொன்னது. யாரும் சிரிக்கவில்லை. கிறிஸ்டி அண்ணன் இருக்கையிலிருந்து குதித்தார்.

“நியாஸ், பின் தண்டக் கழட்டு!”

“கழட்டினா?”

“முன் சக்கரம் மட்டும் இழுக்கும். முதலாம் கியருக்குப் பின்னால போகும். நான் ஜீப்பைக் கடலுக்கு மூஞ்சி காட்டி நிப்பாட்டிக் கயித்த முன்னுக்குக் கட்டிறன்!”

பாஸ் மணலுக்குள் பாய்ந்தார். ஆட்களில் சிலர் ஜீப்பைக் குழியிலிருந்து தூக்கித் திருப்பினார்கள். எங்கள் ஊரில் ஒரு கார் பஞ்சரானால் வேடிக்கை பார்க்கத்தான் இத்தனை பேர் வருவார்கள். பின் தண்டு கழன்று விழுந்ததும் பாஸ் தலையை நீட்டினார்: “சம்மாட்டி, கைப்பிரேக் அந்தத் தண்டிலதான் வேல செய்யும். இனி கைப்பிரேக் இல்ல!”

சரிவான கரை. ஜீப்பின் முகம் கடலைப் பார்த்து. கைப்பிரேக் இல்லை, கால் பிரேக் எப்போதுமே பேருக்குத்தான். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒரு தென்னங்குற்றியை, தென்னை மரத்துண்டை, தூக்கிக் கொடுத்தார்கள். ஜீப் ஏறி நிற்கும் ஒவ்வொரு முறையும் முன் சக்கரத்தடியில் அதை வைக்க வேண்டும். இழுத்த கயிற்றைக் கரையில் அடித்த முளையில் கட்டிவிட்டு, அடுத்த பிடிக்கு ஜீப் கீழே இறங்குவதற்கு முன் அதை எடுக்க வேண்டும். வைக்கப் பிந்தினால் இருபது ஆளும் என் மேல் ஏறிக் கடலுக்குள் போவார்கள்.

கிறிஸ்டி அண்ணன் முதலாம் கியரைப் போட்டார். முன் சக்கரங்கள் கொஞ்சம் வழுக்கின.

“பாரம் காணாது! ஆராவது பொனட்டில ஏறுங்கோ!”

யார் ஏறினார்கள் என்று நினைக்கிறீர்கள்? சில்வெஸ்டர். “உன்ட வல உள்ளுக்கக் கிழிஞ்சு கிடந்தா நாளைக்கு என்ட முறையில நான்தான் குப்ப இழுக்கணும்” என்று முணுமுணுத்துக்கொண்டே தன் பெருத்த உடம்பைப் பொனட்டில் சாத்தினார். பக்கத்தில் நியாஸ் பாஸும் தொற்றிக்கொண்டார்.

ஜீப் முன்னேறும் கியரில் பின்னால் ஏறியது. கயிறு விறைத்துத் தண்ணீரைச் சொட்டிக்கொண்டு எழுந்தது. “குற்றி!” என்று கத்துவார் கிறிஸ்டி அண்ணன். நான் பாய்வேன். “எடு!” மறுபடி பாய்வேன். ஒருமுறை வைக்கப் பிந்தினேன். சக்கரம் என் விரல்களுக்கு ஒரு பாக்கு அளவில் நின்றது. அதன் பிறகு பிந்தவில்லை. சரிவில் பாரமெல்லாம் முன்பக்கம் விழ, அந்தத் தடித்த அச்சு முனகக்கூட இல்லை. வடக்குக் கயிற்றில் அந்த இரண்டு பேரும் மறுபடி குனிந்து இழுத்தார்கள். வலை நேரானது.

கிறிஸ்டி அண்ணன் வலையைப் பார்த்தே ஓட்டிக்கொண்டிருந்தார். இத்தனை காலமும் கழுத்தைத் திருகித் திருகிப் பின்னால் பார்த்தவர் அவர். இப்போது கயிறும் வலையும் ஆட்களும் கண்ணாடிக்கு நேர் முன்னால். வடக்குப் பக்கம் பிந்தினால் கால் எடுத்தார், முந்தினால் அழுத்தினார்.

மீன் சேரும் வலைப்பையான மடி கரையேறியபோது சூரியன் தென்னைகளுக்கு மேல் வந்திருந்தது. அதிசயம் ஒன்றும் இல்லை. சாளையும் கொஞ்சம் பாரையும். ஆனால் மடி முழுசாக வந்தது. தளர்ந்து நின்ற அந்த இரண்டு பேரில் ஒருவர் மீனைக் கூடையில் அள்ளிக்கொண்டே கேட்டார்:

“சம்மாட்டி, அடுத்த முறை எப்ப?”

கிறிஸ்டி அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வை என்றுதான் நானும் எழுதுகிறேன்.

சில்வெஸ்டர் பொனட்டிலிருந்து இறங்கினார். தன் டிராக்டரைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார். பாஸின் காதோரம், “என்ட டிராக்டரையும் இப்பிடிக் கவிழ்க்க ஏலுமா?” என்றார்.

நியாஸ் பாஸ் கிறிஸ்டி அண்ணன் பக்கம் திரும்பித் தொண்டையைச் செருமிக்கொண்டார். “சம்மாட்டி, ரெண்டு நாள் தாங்க. கழட்டிச் சரியாப் பூட்டித் தாரன்.”

“தொட்டியோ, கைய முறிப்பன்.”

மீனைப் பங்கு பிரித்தார்கள். அந்தக் கரையில் கயிற்றில் கை வைத்த எல்லோருக்கும் மணலில் ஒரு குவியல். பாஸுக்கு ஒன்று, பொனட்டில் இருந்ததற்காகச் சில்வெஸ்டருக்கும் ஒன்று. எல்லோரும் எடுத்துப் போன பிறகு ஒரு குவியல் மிஞ்சியிருந்தது.

“இது ஆருக்கு?” என்றார் பிலோ அக்கா.

“கைப்பிரேக்குக்கு” என்றார் கிறிஸ்டி அண்ணன். தென்னங்குற்றியை ஒரு கையிலும் மீனை மறு கையிலும் தூக்கிக்கொண்டு நான் நடந்தேன். பாரையில் ஒன்று இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.